ஓய்வூதிய வயதை மட்டும் சமமாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானிய வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சருக்கும், அந்தத் துறையில் கொள்கை வகுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். யாருக்காக எழுதுகிறேனோ அந்தப் பெண்கள் முதலில் வாசிக்க வேண்டும் என்பதுதான் காரணம். நீங்கள் அவர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்தன, பிள்ளைகள் வேலையால் வந்து பிரித்து வாசித்துச் சொல்லும்வரை மேசையில் கிடந்தன. உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது உங்களுக்கும் வந்து சேரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் அரச ஓய்வூதிய வயது ஒன்றாக இருப்பது சரி. அதை நான் எதிர்க்கவில்லை, இனியும் எதிர்க்கப் போவதில்லை. ஒரே வேலை செய்த ஆண் 65 வரை காத்திருக்க, பெண் 60 இல் எடுத்துக்கொண்டு போவது ஆண்களுக்குச் செய்த அநியாயம்தான். அதுவும் சராசரியாகப் பெண்களை விடச் சில வருடங்கள் முன்பே கண்ணை மூடுகிறவர்கள் ஆண்கள். 60 வயதுப் பெண்ணுக்கு மருந்து இலவசம், அதே வயது ஆண் காசு கட்ட வேண்டும் என்ற நிலை 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மாறியது. குளிர்காலச் சூடேற்றும் கொடுப்பனவில் இருந்த இதே பாகுபாட்டுக்கும் 1999 இல் அதே நீதிமன்றம்தான் முடிவு கட்டியது. இரண்டு வழக்கையும் போட்டவர்கள் ஆண்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் மறக்கக்கூடாது. 1925 இல் வந்த சட்டத்தில் இருவருக்கும் 65 தான் இருந்தது. 1940 இல்தான் பெண்களுக்கு 60 ஆனது. அதற்கு முன் பிராட்ஃபோர்டில் ஃபுளோரன்ஸ் வைட் என்ற பெண் 1935 இல் திருமணமாகாத பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, 55 வயதில் ஓய்வூதியம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடினார். வயது போன பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கிடைத்தாலும் சம்பளம் போதாது, வீட்டில் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பும் அவள் தலையில்தான் என்பது அந்தப் போராட்டத்தின் அடிப்படை. இன்னொரு காரணமும் இருந்தது. மனைவிமார் பெரும்பாலும் கணவனை விட இளையவர்கள், கணவன் 65 இல் வேலையை விடும்போது வீட்டுக்கு ஒருவருடைய ஓய்வூதியம் மட்டும் வந்தால் குடும்பம் தத்தளிக்கும் என்று அன்றைக்கு அரசாங்கத்துக்கே விளங்கியிருந்தது. இந்த இரண்டாவது காரணத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

1995 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வயதை 2010 இலிருந்து 2020 வரை கொஞ்சம் கொஞ்சமாக 65 க்குக் கொண்டுபோகும் என்றது. பதினைந்து வருட அவகாசம் தந்தோம் என்கிறீர்கள். கணக்குச் சரி, ஆனால் அவகாசம் என்பது யாருக்குத் தருகிறோமோ அவருக்குத் தெரிந்தால்தான் அவகாசம். பாதிக்கப்படும் பெண்களில் 43 சதவீதம் பேருக்குத்தான் தங்கள் ஓய்வூதிய வயது 60 க்கும் 65 க்கும் இடையிலோ 65 ஆகவோ இருக்கும் என்று தெரிந்திருந்தது என்று உங்கள் துறையின் ஆய்வே 2004 இல் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் இருந்தீர்கள்? ஆளுக்கு ஆள் கடிதம் போடத் தொடங்கியது 2009 ஏப்ரலில். அதையும் 2011 இல் நிறுத்தி, சட்டம் மறுபடி மாறிய பிறகு 2012 இல்தான் திரும்ப ஆரம்பித்தீர்கள்.

அந்த 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றித்தான் எனக்கு மிகவும் கோபம். 1995 இன் அட்டவணையை நம்பி, தெரிந்தவர்கள் தங்களுடைய கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கலைத்துவிட்டு 65 ஐ 2018 நவம்பருக்குள் கொண்டுவருவோம், 2020 அக்டோபருக்குள் இருவருக்கும் 66 ஆக்குவோம் என்றீர்கள். ஒரு வீட்டில் இரண்டு சகோதரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா 1953 மார்ச் கடைசியில் பிறந்தவர், தங்கை 1954 மார்ச் கடைசியில். அக்காவுக்கு ஓய்வூதியம் 2016 மார்ச்சில் வந்தது. தங்கைக்குப் பழைய அட்டவணைப்படி 2018 மார்ச்சில் வந்திருக்க வேண்டும், புதிய அட்டவணைப்படி 2019 செப்டம்பரில்தான் வந்தது. வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம், ஓய்வூதியத்தில் மூன்றரை வருடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சமத்துவத்துக்காக என்று சொல்லி, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு இடையில் இப்படி ஒரு பள்ளத்தை வெட்டியிருக்கிறீர்கள். முதலில் கொண்டுவந்த வரைவில் இது சிலருக்கு இரண்டு வருடம் வரை போயிருக்கும். எதிர்ப்புக் கிளம்பியதால்தான் பதினெட்டு மாதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று இறங்கி வந்தீர்கள்.

நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி 2021 இல் உங்கள் துறை தகவல் சொன்ன விதத்தில் நிர்வாகத் தவறு நடந்திருக்கிறது என்றார். 2024 மார்ச்சில் ஆளுக்கு 1,000 இலிருந்து 2,950 பவுண் வரை இழப்பீடு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்து, நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்ற சந்தேகத்தில் அறிக்கையை நேரே நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். 2024 டிசம்பரில் அன்றைய அமைச்சர் கடிதம் 28 மாதம் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார், கூடவே இழப்பீடு கிடையாது என்றும் சொன்னார். வயது ஒன்றாக்கப்பட்டதே பாகுபாடு என்று நீதிமன்றம் போன பெண்கள் 2019 இலும் 2020 இலும் தோற்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சட்டப்படி நீங்கள் தப்பியிருக்கலாம், ஆனால் இங்கே கேள்வி நியாயத்தைப் பற்றியது.

மறுப்புக்கு அன்று சொல்லப்பட்ட காரணங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். 2006 அளவிலேயே பத்தில் ஒன்பது பெண்களுக்கு மாற்றம் வருகிறது என்று தெரியும், ஆகவே கடிதம் முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்பது ஒன்று. கேட்காமல் வரும் கடிதத்தை நாலில் ஒருவர்தான் வாசித்ததாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. ஏதோ மாறப் போகிறது என்று தெரிவது வேறு, எனக்கு எந்தத் தேதி என்று தெரிவது வேறு. வேலையை விடுவதா வேண்டாமா, வீட்டுக் கடனை எத்தனை வருடத்துக்கு இழுப்பது, மகளின் பிள்ளையைப் பார்க்க வேலை நேரத்தைக் குறைப்பதா என்று ஒரு பெண் முடிவெடுப்பது அந்தத் தேதியை வைத்துத்தான். நாலில் மூன்று பேர் கடிதத்தை வாசிக்கவில்லை என்றால், வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதி, இன்னும் இரண்டு தடவை அனுப்புங்கள். அனுப்பாமல் விட்டதற்கு அது எப்படிச் சாட்டாகும்?

சரி, கடிதத்தை விடுவோம். எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருக்கிறது.

நீங்கள் சமமாக்கியது ஒரே ஒரு எண்ணை. அந்த எண்ணுக்கு முன்னால் கிடக்கும் நாற்பது வருடத்தை ஒருவரும் சமமாக்கவில்லை. 1950களில் பிறந்த ஆங்கிலேயப் பெண்களையே பாருங்கள். சம ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1975 கடைசியில், அதற்குள் பல பேர் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. நோயாளியைப் பார்ப்பவருக்கான கொடுப்பனவு 1976 இல் வந்தபோது திருமணமான பெண்களை அதில் சேர்க்கவே இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய நினைப்பு. ஜாக்கி டிரேக் என்ற பெண் தன் தாயைப் பராமரித்ததற்கு அந்தக் கொடுப்பனவைக் கேட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வென்ற பிறகு, 1986 இல்தான் அது மாறியது. பகுதி நேர ஊழியர்களை நிறுவன ஓய்வூதியத் திட்டங்களில் இருந்து வெளியே வைப்பது பாலினப் பாகுபாடு ஆகலாம் என்று அதே நீதிமன்றம் 1986 இல்தான் சொன்னது, 1994 இல் மறுபடி உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 60 என்ற அந்த ஒரே ஒரு வசதி இத்தனைக்கும் ஈடாகாது. ஆனாலும் இருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் நீங்கள் முதலில் எடுத்தீர்கள்.

இனி எங்கள் பெண்களிடம் வருகிறேன். 1983 க்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்கள் இவர்கள். இருபத்தெட்டு முப்பது வயதில் இந்த நாட்டில் கால் வைத்தவர்கள், ஆகவே பதினாறு வயதில் இருந்து எண்ணத் தொடங்கும் உங்கள் கணக்கில் முதல் நாளிலேயே பன்னிரண்டு வருடம் பின்னால் நின்றவர்கள். முழு ஓய்வூதியத்துக்கு 35 வருட நேஷனல் இன்ஷூரன்ஸ், அதாவது சம்பளத்தில் இருந்து அரசுக்குக் கட்டும் காப்புறுதிப் பங்களிப்பு, வேண்டும், பத்து வருடம் இல்லாவிட்டால் ஒரு பென்ஸ் கூடக் கிடையாது.

வார இறுதியில் எங்கள் பகுதி முதியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். 1954 இல் பிறந்த ஓர் அக்காவுடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவைக் கணினியில் திறந்து காட்டியபோது திரை நிறைய ஒரே வரி: இந்த வருடம் முழுமையில்லை, இந்த வருடம் முழுமையில்லை, இந்த வருடம் முழுமையில்லை. அவர் திரையைத் தொட்டு, "தங்கச்சி, இந்த வருசம் நான் ரெண்டு வேலை செய்தனான்" என்றார். உண்மைதான். விடியப்புறம் நாலரைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு, பின்னேரம் ஒரு பாடசாலையில் துப்புரவு, இடையில் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுப் போனவர். இரண்டு முதலாளிகள். ஒரு வருடம் கணக்கில் சேர ஒரு வேலையில் குறைந்தது இவ்வளவு உழைக்க வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு, ஒவ்வொரு சம்பளமும் தனித்தனியே அந்த எல்லைக்குக் கீழே. இரண்டையும் கூட்டினால் மேலே. ஆனால் உங்கள் விதி கூட்டுவதில்லை. 2025-26 இல் அந்தக் கீழ் எல்லை வாரத்துக்கு 125 பவுண். ஒரே இடத்தில் 130 பவுண் உழைத்தவருக்கு ஒரு வருடம் சேரும், இரண்டு இடத்தில் நூறு நூறாக 200 பவுண் உழைத்தவருக்குச் சேராது. இதில் என்ன நியாயம் இருக்கிறது? இப்படி வேலையைத் துண்டு துண்டாகச் செய்பவர்களில் பெண்கள்தான் அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும். 2012 இல் தொடங்கிய தானாகச் சேர்க்கும் நிறுவன ஓய்வூதியத்திலும் இதே கதைதான், ஒரு வேலையில் வருடத்துக்கு 10,000 பவுண் வந்தால்தான் முதலாளி தானாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், கணவனின் கடையில் நின்றவர்கள். காலை ஆறு மணிக்குப் பத்திரிகைக் கட்டை அவிழ்ப்பதில் இருந்து இரவு ஷட்டர் போடும்வரை நின்றார்கள். சம்பளச் சீட்டு இல்லை, ஆகவே உங்கள் ஏட்டில் அவர்கள் வேலையே செய்யவில்லை. இதில் எங்கள் வீடுகளின் பிழையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன், மனைவி பெயரில் ஒரு சிறிய சம்பளம் காட்டி இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கலாம், பல அண்ணன்மார் அதைச் செய்யவில்லை. பிள்ளைகளுக்கான கொடுப்பனவைக் கணவன் பெயரில் எடுத்த வீடுகளும் உண்டு, படிவம் நிரப்ப ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தானே. ஆனால் பிள்ளை வளர்க்கும் வருடங்களால் ஓய்வூதியம் குறையாமல் காக்கும் பாதுகாப்பு யார் பெயரில் அந்தக் கொடுப்பனவு எடுக்கப்பட்டதோ அவருக்குத்தான் போகும் என்று யார் சொன்னார்கள்? தன் பெயரிலேயே எடுத்த பெண்களுக்கும், 2000 ஆம் ஆண்டுக்கு முன்னைய படிவங்களில் இன்ஷூரன்ஸ் இலக்கம் எழுதாததால், அந்தப் பாதுகாப்பு பதிவில் ஏறாமலே போயிருக்கிறது. இதைத் திருத்துவதற்கு 2023 இல்தான் அரசாங்கம் கடிதம் அனுப்பத் தொடங்கியது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

இப்போது அந்த 1940 ஆம் ஆண்டுக் காரணத்துக்கு வருகிறேன், மனைவி கணவனை விட இளையவள் என்ற காரணத்துக்கு. எங்கள் சமூகத்தில் ஐந்து, ஏழு, பத்து வயது வித்தியாசம் சர்வ சாதாரணம். 2019 மே 15 இல் இருந்து, தம்பதியில் இருவருமே ஓய்வூதிய வயதை எட்டினால்தான் பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவியைப் புதிதாகக் கேட்கலாம் என்று மாற்றினீர்கள். அதாவது கணவனுக்கு 70, மனைவிக்கு 62 என்றால், அந்த வீடு வேலை செய்யும் வயதினருக்கான உதவியான யுனிவர்சல் கிரெடிட்டில்தான் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் வருடத்துக்குப் பல ஆயிரம் பவுண் வித்தியாசம். கணவனின் ஓய்வூதியத்தையும் அதில் கழித்துவிடுகிறீர்கள். முழங்கால் தேய்ந்த அந்தப் பெண் அரச வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டருக்குப் போய், வேலை தேடினேன் என்று இணையத்தில் பதிய வேண்டும். அவளுடைய ஓய்வூதிய வயதை உயர்த்தினீர்கள், பிறகு அவளுடைய இளமையையே காரணம் காட்டி 70 வயதுக் கணவனின் உதவியையும் நிறுத்தினீர்கள். இந்த இரண்டு விதியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாராவது உங்கள் துறையில் இருக்கிறாரா? மற்ற எதற்கும் பதில் சொல்லாவிட்டாலும் இதற்குச் சொல்லுங்கள்.

மனிதர்கள் இப்போது நீண்ட காலம் வாழ்கிறார்கள், கூடுதல் காலம் வேலை செய்யலாம் என்பீர்கள். மேசை வேலைக்கு இருக்கலாம். கட்டில் விரிப்பு மாற்றி, மாடிப்படி கழுவி, முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டியவருக்கு 62 இல் உடம்பு விட்டுவிடுகிறது. நிதி ஆய்வுக் கழகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, வயதை 60 இல் இருந்து 63 க்கு உயர்த்தியதால் 60 முதல் 62 வயதுப் பெண்களிடையே வறுமை விகிதம் 6.4 சதவீதப் புள்ளி கூடியது என்கிறது. அதே மாற்றத்தால் அரசுக்கு வருடத்துக்கு 5.1 பில்லியன் பவுண் அளவு நன்மை என்றும் அதே ஆய்வு கணக்குச் சொல்கிறது. அந்தக் காசில் ஒரு பங்கை, விழுந்தவர்களைத் தாங்கிப் பிடிக்க ஒதுக்கியிருக்கலாம்.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தைப் பாருங்கள், அங்கேயும் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. பெண்களின் வயதை 64 இல் இருந்து 65 ஆக்குவதா என்று 2022 செப்டம்பரில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள், மயிரிழையில் நிறைவேறியது. உயர்வு 2025 இல் தொடங்கி வருடத்துக்கு மூன்று மாதம் என்ற கணக்கில் போகிறது. மாற்றத்துக்கு நடுவில் மாட்டிய 1961 முதல் 1969 வரை பிறந்த பெண்களுக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியத்தோடு ஒரு மேலதிகத் தொகை, அல்லது முன்கூட்டியே எடுத்தால் குறைவான வெட்டு. ஒரே ஒரு வருடம் உயர்த்துவதற்கு இத்தனை! நீங்கள் ஆறு வருடம் உயர்த்தினீர்கள்.

ஆகவே கேட்கிறேன். குறைகேள் அதிகாரி சொன்ன இழப்பீட்டைக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால், 2011 சட்டத்தால் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளப்பட்டவர்களில் இருந்து தொடங்குங்கள், பலர் இதற்குள் இறந்தும் போய்விட்டார்கள். இரண்டு மூன்று வேலைகளின் சம்பளத்தைக் கூட்டி ஒரு வருடமாக எண்ணும் விதியைக் கொண்டுவாருங்கள், எல்லாச் சம்பளமும் வருமான வரித் துறையின் கணினிக்கு மாதா மாதம் வந்து சேர்கிற காலத்தில் இது கூட்டல் கணக்கு மட்டும்தான். 2019 இல் செய்த தம்பதி விதியை, குறைந்தது 60 தாண்டிய மனைவி அல்லது கணவன் இருக்கும் வீடுகளுக்காவது தளர்த்துங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கும் பாட்டிமாருக்கு 2011 இல் இருந்து இன்ஷூரன்ஸ் வரவு கேட்கும் வசதி இருக்கிறது. நான் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களில் அதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் அரிது. அதைத் தமிழிலும், வங்காளத்திலும், பஞ்சாபியிலும், சோமாலியிலும் சொல்லுங்கள்.

இது பழைய கதை என்று மூடிவைக்க முடியாது, ஏனென்றால் 67 இப்போது வந்துகொண்டிருக்கிறது. 2026 ஏப்ரலில் இருந்து 2028 மார்ச்சுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் 67 ஆகிவிடும். நான் 1962 இல் பிறந்தவள், எனக்கு 67. என்னால் வாசிக்க முடியும், எனக்குத் தேதி தெரியும். என்னோடு அதே வருடம் பிறந்து, நாளைக்கு விடியப்புறம் நாலரைக்குத் துடைப்பத்தோடு நிற்கப் போகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும், அவர்களுடைய பதிவில் எத்தனை வருடம் விடுபட்டிருக்கிறது என்பதும், எதை இன்னும் திருத்தலாம் என்பதும் சேர்த்துத் தெரிய வேண்டும். 68 ஐப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அந்தக் கடிதத்தை, அவர்களுக்கு விளங்கும் மொழியில், ஆளுக்கு ஆள் அனுப்புங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வந்தால் நானே தமிழில் மொழிபெயர்த்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து ஒரு தமிழ்ப் பெண்